தூண் மறைத்த கோல்

கால்பந்து மைதானத்தை இடிக்க மூன்றே நாள்தான் ஆயிற்று. நாற்பது வருடம் ஊரே தொண்டை கிழியக் கத்திய இடம், நான்காம் நாள் செங்கல் தூளாகக் கிடந்தது. இப்போது அங்கே ஏழு மாடிக் குடியிருப்பு. கோல் கம்பம் நின்ற இடத்தில் வண்டி நிறுத்துகிறார்கள்.

போர்டுக்காரர் எதிர்த்தெருவில் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறார். ஸ்கோர் போர்டுக்குப் பின்னால் நின்று தகரத்தில் எழுதிய எண்களை மாட்டுவதுதான் அவர் பார்த்த வேலை. அதில் மிஞ்சியது ஒரே ஒரு ‘2’. தண்ணீர் டிரம்முக்கு அதுதான் மூடி. ஒவ்வொரு வாய்த் தண்ணீருக்கும் அதைத் தூக்கியாக வேண்டும். இதைவிடப் பெரிய தண்டனையை எந்த நீதிபதி கொடுத்துவிடுவார்?

அந்தப் போர்டில் ஒரு கோளாறு. அதன் ஓட்டை வழியாகப் பார்த்தால் வடக்குக் கோலை ஒரு தூண் மறைக்கும். அந்தப் பக்கம் கோல் விழுந்ததா என்பதைக் கூட்டத்தின் சத்தத்தை வைத்தே முடிவு செய்வார். பதினெட்டு வருடம் காது அவரை ஏமாற்றவில்லை. அதில் கொஞ்சம் திமிரும் இருந்தது.

அந்த ஆட்டத்தன்று அடைமழை. டிரா செய்தால் போதும், ஊர் அணி முதல் பிரிவில் தங்கிவிடும். ஆனால் இரண்டுக்கு ஒன்று என்று பின்தங்கியிருந்தார்கள். முடிய மூன்று நிமிடம் இருக்கையில் வடக்கே கூரை பறக்கிற சத்தம். அவர் ‘1’ஐக் கழற்றி ‘2’ஐ மாட்டினார். உண்மையில் பந்து வலையின் வெளிப்பக்கத்தில்தான் பட்டிருந்தது. வலை குலுங்கியதைப் பார்த்தே கூட்டம் கத்தியிருக்கிறது.

தெற்குக் கோலில் கீப்பராக நின்றவன் அவருடைய கூடப்பிறந்த தம்பி. மழையில் எதிர்க்கோல் அவனுக்குத் தெரியவில்லை; அண்ணன் மாட்டிய எண் தெரிந்தது. அதன்பிறகு இரண்டு முறை பந்து கைக்கு வந்தது. இரண்டு முறையும் அதைக் கட்டிக்கொண்டு சேற்றில் படுத்து நேரத்தைக் கடத்தினான். விசில் ஊதியதும் எதிரணி துள்ளிக் குதித்தது. போர்டுக்காரருக்கு அப்போதுதான் தப்பு புரிந்தது. ஓசைப்படாமல் ‘1’ஐ மறுபடி மாட்டிவிட்டார். பந்தையே பார்த்திருந்த கூட்டம் மழையில் போர்டைக் கவனித்திருக்கவில்லை.

அணி கீழே இறங்கியது. டிக்கெட் கவுண்டர் ஈ ஓட்டியது. மைதானத்து முதலாளி இடத்தை விற்றார். ‘தூங்குமூஞ்சி கீப்பர்’ என்று ஊர் தம்பியைக் கிழித்துத் தோரணம் கட்டியது. ஏன் படுத்தாய் என்று கேட்ட யாரிடமும் அவன் போர்டைப் பற்றி மூச்சு விடவில்லை. அண்ணனுக்கும் வாய் வரவில்லை. தம்பி வேறு ஊருக்குப் போய்ப் பத்தொன்பது வருடமாகிறது. பேச்சுவார்த்தை இல்லை.

இப்போது குடியிருப்பு வாசலில் மைதானத்தின் வரலாற்றைக் கல்லில் பதிக்கப்போகிறார்களாம். அதை எழுதுகிற பெண் சரிபார்க்கச் சொல்லி அவரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தாள். தாளின் கடைசி வரியில் அந்த ஆட்டம், ‘2–2’ என்று.

“இது எப்படிம்மா?”

“போட்டோ இருக்கே ஐயா.” நீட்டினாள். மழை, சேறு, மேலே அவர் மாட்டிய ‘2’.

பேசாமல் எழுந்து போயிருக்கலாம். தப்பு கல்லில் ஏறிச் சரியாகிவிடும். ஆனால் தம்பி வாங்கிய ஏச்சை எந்தக் கல்லில் அழிப்பது?

“தோத்துட்டாங்கம்மா. ரெண்டுக்கு ஒண்ணு.”

“எதுக்கும் அன்னிக்கு ஆடின கீப்பரையே கேட்டுடலாம். நம்பர் இருக்கு.” அவர் தடுப்பதற்குள் ஸ்பீக்கரைப் போட்டு போனை மேசையில் வைத்துவிட்டாள். யார் எவர் என்று அவளுக்கு எங்கே தெரியும்.

தம்பியின் குரலில் வயது ஏறியிருந்தது. அவள் ஸ்கோரைக் கேட்டாள்.

“போட்டோவுல இருக்கிறதையே போடுங்கம்மா. போர்டுல நின்னவரு தப்பா மாட்டுற ஆள் இல்ல.”

போர்டுக்காரர் போன் பக்கம் குனிந்தார்.

“டேய்,” என்றார். “நான்தான்டா.”

போனைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“அது கோல் இல்லடா. எனக்குத் தூண் மறைச்சிடுச்சு. நான்தான் தப்பா மாட்டினேன்.”

“தெரியும்ணே,” என்றான் தம்பி. “அன்னிக்கே நீ சொல்லுவேன்னு பார்த்துட்டு இருந்தேன்.”

அந்தப் பெண் ‘2–2’ஐ அடித்துவிட்டுத் திருத்தி எழுதினாள்.

“நம்ம மைதானத்துல இப்ப ஒண்ணுமே மிச்சமில்லையாமே?” என்று தம்பி கேட்டான்.

“இல்லடா.”

அதற்கு மேல் என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. ஆனால் இருவருமே போனை வைக்கவில்லை.