ஐம்பதைப் பதினைந்தாக்கியவள்

மதியம் இரண்டரை மணிக்கு அண்ணியின் கால்கள் இரண்டும் ஆற்றுச் சேற்றில் முழங்கால்வரை புதைந்தன. ஒன்றைப் பிடுங்கினால் மற்றது இன்னும் இறங்கியது. போன் சட்டைப் பையிலிருந்து நழுவித் தண்ணீருக்குள் போய்ச் சேர்ந்தது. கரையில் ஈ காக்கை இல்லை.

அலுவலகமே அவளை அண்ணி என்றுதான் கூப்பிடும். அங்கே திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவள் அவளுடைய நாத்தனார். அவள் கூப்பிடுவதைக் கேட்டு எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஆற்றில் கட்டைவிரல் பருமனில் பதினெட்டு சென்சார்களை நட்டுப் பராமரிப்பது அண்ணியின் வேலை. வயல்களிலிருந்து எவ்வளவு உரச்சத்து ஆற்றில் கலக்கிறது என்பதை அவை கால்மணிக்கு ஒருமுறை எண்ணாக அனுப்பும். மூன்று, நான்கு என்றால் ஆறு நலம்.

மூன்றரைக்கு அணையின் மதகைத் திறப்பார்கள். தினமும் திறப்பதுதான். ஆள் உயரத்துக்குத் தண்ணீர் வரும் என்பது அண்ணிக்கு மனப்பாடம்.

சென்சார் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தோள்பையில் அதைச் சரிபார்க்கும் கரைசல் ஒரு பாட்டில். அதில் விட்டால் சென்சார் ஐம்பது என்று காட்டும். சென்சாரை எடுத்துப் பாட்டிலுக்குள் விட்டாள். ஐம்பதைப் பார்த்தால் நாத்தனாருக்குத் தூக்கிவாரிப்போடாதா? சிறு விளக்கு மினுங்கியது, எண் போய்விட்டது. அப்பாடா என்று மூச்சு விட்ட அடுத்த நொடிதான் ஞாபகம் வந்தது.

போன மாதம் அவளே கணினியில் ஒரு விதியைப் போட்டிருந்தாள். இருபதைத் தாண்டி எது வந்தாலும் கருவிக் கோளாறு, திரையில் காட்டாதே. மேலதிகாரியிடம் ஆயிரம் காரணம் சொன்னாள். உண்மைக் காரணம் ஒன்றுதான். பாசி ஒட்டினால் எண் தாறுமாறாக ஏறும், உடனே நாத்தனார் போன் போடுவாள். சாப்பிட உட்கார்ந்தால் போன், குளிக்கப் போனால் போன். இருவருக்கும் பேச்சு என்று இருந்ததே அந்தப் போனில் திட்டிக்கொள்வதுதான். விதி வந்தபின் ஒரு மாதம் அண்ணி நிம்மதியாகச் சாப்பிட்டாள். இப்போது தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமே என்று அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அழ நேரமில்லை. எண் இருபதுக்குள் இருந்தாக வேண்டும். கரைசலில் முக்கால் பாகத்தைக் கொட்டிவிட்டு ஆற்றுத் தண்ணீரால் நிரப்பினாள். பதினைந்து வரும். விளக்கு மினுங்கியது. கால்மணி கழித்து மறுபடியும் மினுங்கியது.

மேலே அணையில் மதகு திறக்கும் சங்கு ஊதியது. தண்ணீர் இடுப்புக்கு வந்தது, பிறகு மார்புக்கு. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. செத்துத்தான் போகப் போகிறோம் என்று அண்ணி நம்பிவிட்டாள்.

கழுத்தை எட்டியபோது கரையில் வண்டி வந்து நின்றது. நாத்தனாரும் அணைக் காவலர்கள் இருவரும் ஏணியும் கயிறுமாக ஓடிவந்தார்கள். இழுத்த இழுப்பில் செருப்புகள் சேற்றோடு போயின, ஆள் கரைக்கு வந்தாள்.

"அம்பது வந்ததுமே கிளம்பிட்டேன் அண்ணி," என்றாள் நாத்தனார், மூச்சு வாங்க.

"அம்பதா? அது திரையில வராதே."

"நீங்க போட்ட விதிய அன்னைக்கே எடுத்துட்டேன். போன் பண்ணாதான உங்களுக்கு எரிச்சல்? எண்ணு ஏறுறப்பல்லாம் நானே வந்து பாசிய வழிச்சிட்டுப் போயிட்டு இருந்தேன்."

அண்ணி முகத்தில் வழிந்த சேற்றைப் புறங்கையால் துடைத்தாள். நாத்தனாரே தொடர்ந்தாள்.

"பாதி வழியில பதினஞ்சுன்னு இறங்கிடுச்சு. சரி, பாசி தானா போகுது, இன்னும் இறங்கிடும்னு வண்டியத் திருப்பிட்டேன்."

அண்ணியின் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. குளிரால் மட்டுமல்ல.

"திருப்பிட்டு அப்புறம் எதுக்கு வந்த?"

"எதுக்கும் இருக்கட்டும்னு உங்களுக்குப் போன் போட்டேன். எடுக்கல," என்றாள் நாத்தனார். "திட்டுறதுக்காவது எடுப்பீங்களே."