நாலாவது பாட்டில் ஒரு முரசு

...முரசே இல்லையாம், இத்தனை வருடமாகக் காதை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவளிடம் இல்லாத முரசைக் கேட்டாயென்று சொல்ல இந்தக் கத்தரிக்கு எவ்வளவு தைரியம்... கத்தரி என்பது பத்திரிகை ஆசிரியருக்கு அவள் வைத்த பெயர், நல்ல வரியாகப் பார்த்து வெட்டுவதில் மனுஷன் கெட்டிக்காரர். சற்று முன் போனில், "ஏம்மா, மூணு ஆல்பத்துக்கும் நீ எழுதின விமர்சனம் வந்துச்சு. அந்த ராக் பசங்கள நார்நாரா கிழிச்சிருக்கே, இருக்கட்டும். ஆனா நாட்டுப்புறப் பாட்டுப் பெரியவரு ஒத்தக் கித்தாரோட பாடியிருக்காரு, ஆல்பம் முழுக்க டிரம்மே கிடையாதுன்னு அட்டையிலயே போட்டிருக்கான். நீ நாலாவது பாட்டுல முரசுன்னு பத்தி பத்தியா எழுதியிருக்கே. தூக்கத்துல கேட்டியா?" என்றார். இருக்கு சார், நல்லாக் கேளுங்க என்றாள். "நீ கேளு. சாயங்காலம் அச்சுக்குப் போயிடும். இல்லைன்னா சொல்லு, எடுத்துடறேன்." வைத்துவிட்டார். எடுத்துவிடுவாராம், எடுப்பார், மூன்று விமர்சனத்திலும் அவளுக்கே பிடித்த வரிகள் அவைதான், அதனால்தான் அவருக்குக் கை அரிக்கிறது.

அண்ணன் வீட்டு மாடியறையின் ஜன்னலைச் சாத்திவிட்டு எழுதியதைத் திரையில் மறுபடி வாசித்தாள். ராக் பையன்களுக்கு: கித்தாரை மேடையில் போட்டு உடைத்தால் கோபமாகிவிடாது, அடித்தால் எலும்பில் விழ வேண்டும், இது தலையணையில் குத்துகிற கோபம்... நன்றாகத்தான் இருந்தது, எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள், யாரையாவது பிய்த்துப் போடும்போதுதான் அவளுக்குக் கை ஓடும், அது அப்பாவின் ரத்தம், வேறென்ன. சோல் இசை ஆல்பத்தின் பாடகிக்கு: அலறத் தெரிந்தும் அலறாமல் விடுகிற தொண்டை. பிறகு பெரியவருக்கு: கித்தாருக்குப் பின்னால், தரைக்கு அடியிலிருந்து வருவதுபோல ஒரு முரசு, இரண்டு அடி, ஒரு நிறுத்தம், மறுபடி ஒன்று, அடிக்கிறவருக்கு எங்கே நிறுத்துவதென்று தெரிந்திருக்கிறது, அந்த நிறுத்தத்தில்தான் பாட்டின் உயிர் இருக்கிறது... இதைப் போய் எடுப்பாராம்.

ஹெட்போனை மாட்டினாள். காதை முழுக்க விழுங்கிக்கொள்கிற பெரிய ஹெட்போன், அண்ணன் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தது, கீழ இருந்து வர்ற சத்தமெல்லாம் உன் வேலைக்குத் தொந்தரவு பாப்பா, இத மாட்டிக்கோ என்று அவனே தலையில் வைத்து அளவு சரிபார்த்தான். நாலாவது பாட்டு. பெரியவரின் மூச்சு, கம்பியில் நகம் உரசுவது, அவர் உட்கார்ந்த நாற்காலி முனகுவது... எங்கே முரசு? திரும்பப் போட்டாள். சத்தத்தைக் கூட்டினாள். காது வலிக்கிற வரைக்கும் கூட்டினாள். கித்தார், கிழவர், நாற்காலி. அவ்வளவுதான். ஆனால் கேட்டாளே, காதால் கேட்டதுகூட இல்லை, பாதத்தால், நாற்காலிக் காலால், நெஞ்சுக்கூட்டால் கேட்டாளே... எப்போது கேட்டோம்? முந்தாநாள். முந்தாநாள் மதியம். அண்ணன் சாப்பாட்டுக்கு வந்திருந்தபோது.

இல்லை, அண்ணனா, சேச்சே. தெருமுனையில் அவனுடைய மூக்குக்கண்ணாடிக் கடை, வயதானவர்களுக்குக் காது மடல் வலிக்காமல் கண்ணாடி மாட்டிவிடும் விரல்கள், பூவைத் தொடுகிற மாதிரி தொடுவான் என்று ஊரே சொல்கிறது... சின்ன வயதில் அப்பா அம்மாவை இழுத்துப் போட்டு அடிக்கும்போது கட்டிலுக்கு அடியில் அவளைத் தள்ளி, தன் இரண்டு உள்ளங்கையாலும் அவள் காதுகளைப் பொத்திக்கொண்டவன் அவன்தான், ஒண்ணுமில்ல பாப்பா ஒண்ணுமில்ல என்று அவன் வாய் அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டே கிடந்தாள். அந்தக் கையா? அப்படியானால் அண்ணிக்கு ஏன் அடிக்கடி புது ஃபிரேம்... கடைக்காரர் பெண்டாட்டிக்கு என்ன குறைச்சல், சேலைக்கு ஒரு கண்ணாடி என்று அவளே கேலி செய்திருக்கிறாள், போன வாரம்கூட. அண்ணியும் சிரித்தாள். புது ஃபிரேமின் ஓரத்தில் கன்னத்தெலும்பு மஞ்சளாக இருந்தது, ஜன்னல் வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டாள்... நினைத்துக்கொண்டாளா, நினைத்துக்கொள்ள வசதியாக இருந்ததா? நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம். அண்ணி ஏன் ஒருநாளும் கத்தவில்லை? அலறத் தெரிந்தும் அலறாத தொண்டை... அதை எழுத எவளோ ஒரு பாடகியைத் தேடிப் போனாளே.

கீழே கதவு திறந்தது. சாப்பாட்டு நேரம். அவள் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டாள், அவன் வரும் நேரத்தில் அது காதில் இல்லாமல் இருப்பது இதுதான் முதல்முறை, அதிலிருந்து கிழவர் எறும்புக் குரலில் பாடிக்கொண்டிருந்தார். தட்டு வைக்கிற சத்தம். தண்ணீர் ஊற்றுகிற சத்தம். பிறகு அண்ணனின் குரல், உரக்க இல்லை, கடையில் பேசுகிற அதே தணிந்த குரல். "எத்தன தடவ சொல்றது ஒனக்கு?" அண்ணி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். தொம். தொம். தரை அதிர்ந்து உள்ளங்காலில் ஏறியது. நிறுத்தம். பிறகு ஒன்று, ஏதோ சுவரில் மோதி, கண்ணாடி சிதறி... அவள் கையில் மேசை விளக்கு இருந்தது, எப்போது எடுத்தாள், இரும்பு அடிப்பாகம் கனத்தது, அவன் விரல்களைத் தரையில் வைத்து ஒவ்வொன்றாக நசுக்க வேண்டும், அந்தப் பூப்போன்ற விரல்களை, எலும்பில் விழுகிற மாதிரி, அவன் மண்டையில் ஒரே போடு... தொம். கதவைத் தள்ளினாள், மரப்படியில் ஒரு கால் வைத்தாள். படி கிறீச்சிட்டது.

கீழே எல்லாம் நின்றது.

எவ்வளவு சட்டென்று நின்றது, கை ஓங்கினபடியே காற்றில் நிற்பது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. நிறுத்தம். பாட்டின் உயிர் என்று எழுதினாளே, அதே நிறுத்தம். அவன் காதை மாடிக்குக் கொடுத்திருக்கிறான், ஒவ்வொரு முறையும் கொடுத்திருக்கிறான், மேலே ஒரு சத்தமும் இல்லையென்று தெரிந்த பிறகுதான் அடுத்த அடி... அப்படியானால் ஒரு காலடி போதுமாக இருந்திருக்கிறது, ஒரு நாற்காலியை இழுத்திருந்தால் போதும், ஒரு இருமல். விளக்கு கையில் வழுக்கியது.

"பாப்பா?" என்றான் கீழேயிருந்து, எவ்வளவு பிரியமாக. "பாட்டு கேட்டு முடிச்சிட்டியா?"

கழுத்தில் கிழவர் இன்னும் பாடிக்கொண்டிருந்தார். அவன் காத்திருந்தான், அண்ணியும் மூச்சுக்கூட விடாமல் அவள் சொல்லப்போகும் பதிலுக்குக் காத்திருந்தாள்.