அரசியின் தலைக்கு மேல் ஒரு துளை

1

இந்தக் கதை ஒரு துளையிலிருந்து வந்தது. அருங்காட்சியகத்தில், காட்சிப் பெட்டிக்குள் ஒரு ரோமானிய வெள்ளிக்காசு. மேலே பேரரசியின் முகம். அடியில் வைத்த கண்ணாடியில் மறுபக்கம்: ஒரு பெண்தெய்வம். அரசியின் தலைக்கு மேல் யாரோ ஆணியால் துளைத்திருந்தார்கள். முகத்தில் கீறல்கூட இல்லை.

துளைத்தவளுக்கு அழகி என்று பெயர் வைத்தேன். மற்றதெல்லாம் ஊகம்.

2

1938. பொன்னமராவதிப் பக்கம். அன்று காலையிலிருந்தே மழை

(வேண்டாம். மழைக்கு இங்கே வேலையில்லை.)

மலையாண்டி கிணறு வெட்டும்போது கலயம் நிறையக் காசு கிடைத்தது. புதையல் புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குச் சொந்தம். ஒளித்தால் ஜெயில். தெரிந்தேதான் ஆசாரியிடம் உருக்கக் கொடுத்தான். ஒன்றை மட்டும் அவன் மனைவி அழகி எடுத்துக்கொண்டாள்.

"ஆத்தாளப் போயி உருக்குவாகளா?"

"அடி, அது எவளோ வெள்ளக்காரி."

"நம்ம அம்மன் காசுல இருக்கவளும் வெள்ளக்காரியா?"

(புதுக்கோட்டைச் செப்புக்காசில் அம்மன்தான் இருந்தாள். காசில் பெண் என்றால் அழகிக்கு அவள் அம்மன்.)

வீட்டில் வைக்கப் பயம். துளைத்து, மஞ்சள் கயிற்றில் கோத்து, மாரியம்மன் கோயில் சூலத்தில் கட்டிவிட்டாள்.

3

துப்புக் கொடுத்தவன் என்று ஒருவனை எழுதி, அடித்துவிட்டேன். சாமி கும்பிட வந்த தாசில்தாரே காசைப் பார்த்துவிட்டார்.

"எல்லாரும் இங்கிட்டு வாங்க. இது யாரு கட்டினது?"

ஊர் கூடியது. அழகிக்குப் பக்கத்தில் மலையாண்டி நின்றான். தாசில்தார் காசைத் திருப்பினார். பின்பக்கத்துத் தெய்வம், காலடியில் துளை விழுந்து, தலைகீழாகத் தொங்கியது. துளைக்கும்போது அழகி முகத்தை மட்டும்தான் பார்த்திருந்தாள்.

"சாமியத் தலகீழாத் தொங்கவிட்ட மகராசன் யாருய்யா?"

"அதான் மழயக் காணோம்" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

(மழை தானே வந்துவிட்டது.)

அழகியின் வாய் திறந்தது. மலையாண்டியின் குதிகால் அவள் காலை அழுத்தியது.

4

முதல் முடிவு: "தெரியாமப் பண்ணிட்டேன் தாயி" என்று அம்மன் முன் விழுகிறாள். மலையாண்டி கையில் விலங்கு.

இரண்டாவது: பேசாமல் வீடு திரும்புகிறாள். அதன் பிறகு அந்தக் கோயில் வாசலை அவள்

இரண்டையும் அடித்துவிட்டேன். காசு பிடிபட்டது என்று காட்சிப் பெட்டி சொல்கிறது. மலையாண்டி பிடிபட்டானா என்று சொல்லவில்லை.

அவள் வாய் திறந்தே இருக்கிறது. அவன் குதிகாலை இன்னும் எடுக்கவில்லை. இனி நீங்கள் எழுதுங்கள். ஒன்று மட்டும் எனக்குத் தெரியும்: அவள் பேசினால், அது தாசில்தாரிடம் இருக்காது.