பாதி துளைத்த மணி

உப்பாற்று மேட்டில் தோண்டி எடுக்கும் பொருள் எதுவானாலும், அது எந்த வேலையின் நடுவில் மண்ணுக்குள் போனதோ, அந்த வேலையை எடுத்தவர்தான் முடித்துக் கொடுக்க வேண்டும். முடிக்கும்வரை குழியை விட்டு ஏறக் கூடாது. வேலையைக் கெடுத்துவிட்டால், அந்த வேலைக்காரரின் இடத்துக்கே போய்விட வேண்டியதுதான். போன கோடையில் வேலுக்குட்டி, பாதி வனைந்த பானை ஒன்றைக் கைதவறி நசுக்கிவிட்டார். இப்போது அவர் மண்ணுக்குக் கீழே, புதைந்த ஊரின் குயவர் தெருவில் இருக்கிறார். அமாவாசைக்கு அமாவாசை மேலே வந்து, மனைவி பொரித்து வைக்கும் மீனைச் சாப்பிட்டுவிட்டு இறங்கிப் போகிறார்.

அகழாய்வுக்குப் பொறுப்பான அமலோற்பவம் மேடமும் இதற்கு விலக்கில்லை. ஒருநாள் அவர் எடைக்கல் ஒன்றை எடுத்துவிட்டு, பொழுது சாயும்வரை மிளகு நிறுத்துக் கொடுத்தார். வாங்க வந்தவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. சிலருக்கு நிறுக்கும்போது ஏதோ ஒரு விரல் தராசுத் தட்டை மெல்ல அழுத்திப் பார்த்தது. சிலருக்கு நிறுக்கும்போது எந்த விரலும் வரவில்லை. பேரம் பேசாமல் வாங்குகிறவர்களும் அந்தத் தெருவில் இருந்தார்கள் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

இசக்கியம்மாள் கைக்குச் சிவப்புக் கல்மணி வந்தது, அவள் மகள் சுப்புத்தாய் பிரசவ வலியோடு டவுன் ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளில். தலைப்பிரசவம். "நீ வந்தாத்தான் பிரசவ ரூமுக்குள்ள போவேன்" என்று போனில் அழுதிருந்தாள். மதிய பஸ்ஸைப் பிடித்துப் போய்விடலாம் என்றுதான் இசக்கியம்மாள் கணக்குப் போட்டிருந்தாள். அதற்குள் கொத்துக்கரண்டியின் நுனியில் மணி தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு. ஒரு பக்கம் துளை போட்டிருந்தது. அது பாதியில் நின்றிருந்தது.

பக்கத்தில் மண் தள்ளிக்கொண்டிருந்த பேச்சித்தாய் எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, இன்னைக்குன்னு பாத்தா இது உன் கைக்கு வரணும்? நானா இருந்தா பாக்காத மாதிரி உள்ளேயே தள்ளியிருப்பேன்."

"தள்ளுவ, தள்ளுவ. போன வாரம் சட்டியை எடுத்துட்டு, கொதிச்ச மீன்குழம்பை உக்காந்து இறக்குனது யாரு? அதுலயும் உப்பு தூக்கல்."

"கீழ இருந்து ஒருத்தரும் குறை சொல்லலையே!"

துளையிடும் வில்லும் குச்சியும் அதே இடத்தில் ஒரு சாண் ஆழத்தில் கிடைத்தன. மணியை மரக்கவ்வியில் இறுக்கி, குச்சியின் முனையை மறுபக்கத்தில் ஊன்றி, வில்லை முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். இரண்டு துளைகளும் கல்லின் நடுவில் சந்திக்க வேண்டும். மயிரிழை தப்பினால் கல் பிளந்துவிடும்.

அமலோற்பவம் மேடம் குழியில் இறங்கி, லென்ஸை வைத்துப் பார்த்தார்.

"துளை லேசாச் சாஞ்சிருக்கு இசக்கியம்மா. போட்டவங்க இடக்கை. நீங்களும் அதுக்கேத்த மாதிரி சாய்ச்சுப் போடுங்க."

"சரிங்க மேடம். இந்தக் கல்லு நம்ம பக்கத்துதா?"

"இல்ல. வடக்க ரொம்பத் தொலைவுல இருந்து வந்தது. நம்ம ஆளுங்க முத்து குடுத்து வாங்கியிருக்காங்க."

இசக்கியம்மாள் வில்லை இழுத்தாள். சிவப்புத் தூள் கசிந்து அவள் விரலில் படிந்தது. அதே தூள்தான் குழிக்குள் வெளிப்பட்டிருந்த பழைய வீட்டின் தரை முழுவதும் இருந்தது. ஒரு மூலையில் பிளந்துபோன மணிகள் குவியலாகக் கிடந்தன.

"இந்த வீட்டுல முழு மணி ஒண்ணுகூடக் கெடைக்கலையே மேடம்?"

"கெடைக்காது. முழு மணியெல்லாம் அடுத்த குழியில வந்த பெரிய செங்கல் வீட்டுல இருக்கு."

"செஞ்சவங்க போட்டுக்கல."

"போட்டுக்கல."

இசக்கியம்மாள் உடைந்த மணிகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றும் யாரோ இழந்த ஒரு வேளைச் சோறு என்று அவளுக்குப் பட்டது. தன் மணியும் அங்கே போய் விழுந்தால், அந்தத் தூளில் சம்மணம் போட்டு உட்கார வேண்டியவள் அவள்தான். அமாவாசைக்கு மேலே வந்து பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகலாம். அவள் இடக்கைக்கு மாறினாள்.

மதிய பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. பேச்சித்தாய் கல்லின் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

திடீரென்று கல் அதிர்ந்தது. இசக்கியம்மாள் வில்லை நிறுத்தினாள். அதிர்வு நிற்கவில்லை. அந்தப் பக்கமும் யாரோ வில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் இழுத்தால் அங்கே நின்றது. அவள் நிறுத்தினால் அங்கே தொடர்ந்தது. ஒரே உரலில் உலக்கை போடும் இருவர் மாதிரி மாறி மாறி இழுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் குச்சியின் முனையில் ஒன்றுமே தட்டுப்படவில்லை.

அவள் மணியை எடுத்துக் கண்ணில் வைத்தாள். துளையின் மறுமுனையில் இன்னொரு கண் இருந்தது. தூள் விழுந்து சிவந்த, களைத்த கண். அதுவும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்தார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. வேலைக்கு நடுவில் ஒருத்தி நிமிர்ந்து இன்னொருத்தியைப் பார்க்கிற பார்வை அது. அந்தக் கண் ஒருமுறை மூடித் திறந்தது.

பிறகு துளை வழியாக ஒரு நூல் வந்தது. மெழுகு தடவிய பருத்தி நூல். நூல் வந்தால் முடிச்சுப் போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இசக்கியம்மாள் அழுத்தமாக முடிச்சுப் போட்டாள்.

அந்தப் பக்கத்தில் மணியை அடுத்த மணியோடு சேர்ப்பதற்காக நூலை இழுத்தார்கள். மேடு நகர்ந்தது. குழிகளும், தார்ப்பாயும், மேட்டு வாசலில் இருந்த மாடக்கண்ணுவின் டீக்கடையும் சேர்ந்து, வயல்களைத் தாண்டிக் கிழக்கே போயின. தூரத்தில் ஆற்றோரத்து மேடுகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி விடாமல், அதே திசையில் வந்துகொண்டிருந்தன. வெயிலில் அவை சிவப்பாகத் தெரிந்தன. பேச்சித்தாய் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினாள்.

மேடு டவுன் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. இசக்கியம்மாள் கையைக் கழுவிக்கொண்டு குழியிலிருந்து ஏறி, உள்ளே போனாள். மாடக்கண்ணு அடுப்பைத் தூண்டிவிட்டு, வாசலில் காத்திருந்தவர்களிடம் யார் யாருக்குச் சர்க்கரை வேண்டாம் என்று கேட்க ஆரம்பித்தார்.