நான்காவது இடம்

பதினைந்து என்று வரும் இடங்களில் எல்லாம் அதை எடுத்துவிட்டுப் பத்து என்று போடவேண்டும். செனட் அனுப்பிய திருத்தம் அவ்வளவுதான். மார்னி கெச்சம் மூன்று இடங்களில் போட்டாள். நான்காவது இடம் கடைசிப் பக்கத்து அட்டவணைக்குள் இருந்தது.

நகலைக் கோப்பில் வைக்கும்போதுதான் அது கண்ணில் பட்டது. புதன்கிழமை காலை. அதற்குள் மசோதா தடித்த தாளில் அச்சாகி, இரண்டு சபைத் தலைவர்களின் கையெழுத்தும் விழுந்து, வெள்ளை மாளிகைக்குப் போய் ஒரு நாள் ஆகியிருந்தது.

பிரதிநிதிகள் சபையின் மசோதாக்களுக்கு இறுதிப் படி தயாரிப்பது அவள் வேலை. ஒன்பது வருடத்தில் ஒரு காற்புள்ளி தவறியதில்லை. ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் விரல் வைத்துச் சரிபார்ப்பது அந்த அறையின் வழக்கம். அன்று ஒரே நாளில் மூன்று மசோதாக்கள். தொண்டை வறண்டுவிட்டது. அட்டவணையை மட்டும் படிக்காமல் கண்ணால் ஓட்டினார்கள்.

நிலக்கரிச் சுரங்கத்தில் பத்து வருடம் உழைத்து நுரையீரல் கெட்டவர்களுக்கு அரசே வைத்தியம் பார்க்கும் என்பது மசோதா. பதினைந்து வருடம் என்றால்தான் கையெழுத்து என்று ஜனாதிபதி முதலிலிருந்தே சொல்லிவந்தார். இரண்டு சபைகளும் கேட்காமல் பத்து என்றே நிறைவேற்றின. ஆனால் உதவி யாருக்கு என்று முடிவு செய்வது அந்த அட்டவணை. அதில் இன்னும் பதினைந்து என்றே இருந்தது.

வசந்தகாலத்தில் இந்த மசோதா பற்றிச் சபைக் குழு விசாரணை நடத்தியபோது, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு ஒருவர் அவளோடு லிஃப்டில் ஏறினார். கோய் ஸ்டாலர்ட் என்று சட்டையில் சீட்டு ஒட்டியிருந்தது.

"பன்னெண்டு வருஷம் சுரங்கத்துக்குள்ள இருந்தேன்மா. அது போதுமா?" என்று கேட்டார்.

"தெரியலையே சார்" என்று சொல்லிவிட்டு அவள் லிஃப்ட் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலதிகாரி டெல்பர்ட் நையின் மேஜையில் தாளை வைத்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"அட்டவணையிலயா! அதான் யாரும் பாக்கல."

"நான் பாத்திருக்கணும் சார். ஜனாதிபதி கையெழுத்து போட்டுட்டா?"

"போட்டா அதுதான் சட்டம். எதிர்ல இருக்கிற சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், சபை சொன்னது பத்துய்யான்னு அழுதாலும் நடக்காது. ரெண்டு தலைவரும் கையெழுத்து போட்ட தாள்ல என்ன இருக்கோ அதைத்தான் பாப்பாங்க. நூறு வருஷத்துக்கும் மேல அப்படித்தான்."

"வேற வழி?"

"திரும்பக் கேக்கலாம். ரெண்டு சபையும் தீர்மானம் போட்டு, அந்தத் தாளைக் கொடுத்தனுப்புங்கன்னு அவரைக் கேக்கலாம்."

"அவர் கொடுத்தாகணுமா?"

"கொடுத்தாகணும்னு எங்கயும் எழுதலை." டெல்பர்ட் கண்ணாடியை இறக்கினார். "கேட்டா கொடுப்பாங்க. அதுதான் வழக்கம். ஆனா இவருக்கு வேண்டியது இப்போ அந்தத் தாள்லயே இருக்கு."

"யார் தப்புன்னு சபையில கேட்டா என் பேரைச் சொல்லுங்க சார்."

"கேட்டா பாக்கலாம். நீ முதல்ல தண்ணி குடி."

மதியம் தீர்மானம் சபைக்கு வந்தது. யாரும் ஆட்சேபிக்காவிட்டால் அப்போதே நிறைவேறும். ஒருவர் ஆட்சேபித்தாலும் முறைப்படி எடுத்துக்கொள்ள நாலு நாள் ஆகும். ஜனாதிபதிக்குக் கையெழுத்திட ஒரு நிமிடம் போதும். மார்னி குமாஸ்தாக்களின் மேடையோரம் நின்றாள்.

"ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டார் சபைத் தலைவர்.

ஆர்லன் ப்ரிச்செட் எழுந்தார். மூன்று மாதமாக அந்த மசோதாவை மேஜையைத் தட்டி எதிர்த்தவர் அவர்.

"ஆட்சேபிக்கிற உரிமையை வெச்சுக்கிட்டு ஒரு கேள்வி. இந்தப் பிழையைக் கண்டுபிடிச்சது யாரு? மசோதாவை ஆதரிச்சவங்களா?"

தீர்மானம் கொண்டுவந்த உறுப்பினர் லெனோர் டைகார்ட் சொன்னார்: "இல்ல. தாளை எழுதின குமாஸ்தாவே வந்து சொன்னாங்க."

ப்ரிச்செட் மேடைப் பக்கம் பார்த்தார். மார்னிக்குக் காது சுட்டது.

"எனக்கு இந்த மசோதா பிடிக்காது. பதினஞ்சு, பதினஞ்சுன்னு கத்தினேன். தோத்தேன். இங்க தோத்ததை அச்சுல ஜெயிக்க எனக்கு ஆசையில்ல. ஆட்சேபம் இல்லை."

உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் செனட்டில் அதே தீர்மானம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது.

வியாழன் காலை போயிற்று. மார்னி சாப்பிடவில்லை. மூன்று மணிக்குச் சபையின் நடுக்கதவு திறந்தது. வெள்ளை மாளிகை எழுத்தர் வெண்டல் ஸ்ப்ராக் பெரிய உறையோடு நின்று, தலைதாழ்த்தி, ஜனாதிபதியிடமிருந்து எழுத்துமூலமான செய்தி என்று அறிவித்தார். அந்த வாசலில் மட்டும்தான் அவர் சிரிக்கமாட்டார்.

செய்தி இரண்டே வரி. தாங்கள் கேட்டுக்கொண்டபடி மசோதாவைத் திருப்பி அனுப்புகிறேன்.

பிறகு வெண்டல் அவள் அறைக்கு எட்டிப் பார்த்தார். "வந்து சேந்துதா உன் தாள்? ரெண்டு நாளா அவர் மேஜை மேலயே கிடந்துது. பேனாவும் பக்கத்துலயே."

"ஏன் போடலை?"

"ஒருத்தர் சொல்லிக்கூடப் பாத்தார், போட்டுடுங்க, நமக்கு வேண்டியது அதுல இருக்குன்னு. இவரோ ஒரு உறை கொண்டாங்கன்னார்." வெண்டல் கதவில் சாய்ந்தார். "ரொம்பச் சந்தோஷப்பட்டுடாதே. பத்துன்னு மாத்தி அனுப்பினா, கையெழுத்து போடமாட்டேன்கிற வீட்டோவோட நான்தான் திரும்ப வருவேன்."

"வாங்களேன். பீன்ஸ் சூப் வாங்கித் தரேன்."

"இங்க கேண்டீன்ல தினமும் அதேதானே!"

அன்று மார்னி அட்டவணை முழுவதையும் உரக்கப் படித்தாள். டெல்பர்ட் விரல் வைத்துக்கொண்டே வந்தார். நான்காவது இடத்தில் இரண்டு பேரும் நின்று, பத்து என்று சேர்ந்து சொன்னார்கள்.

திருத்திய தாள் வெள்ளை மாளிகைக்குப் போய், ஞாயிறு நீங்கலாக ஜனாதிபதிக்கு உள்ள பத்து நாள் கெடுவில் ஒன்பதாம் நாள் வெண்டல் வந்து அதே வாசலில் தலைதாழ்த்தினார். பத்து வருட உழைப்பு போதாது என்று ஜனாதிபதி மறுத்து எழுதியிருந்தார். பத்து என்ற சொல்லை மார்னி இரண்டு முறை படித்தாள். சபை சொன்னதைத்தான் அவர் மறுத்திருந்தார்.

மறுப்பை மீற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். சபையில் ஆதரவு இருநூற்றுத் தொண்ணூற்றேழு, எதிர்ப்பு நூற்று முப்பத்தொன்று. அந்த நூற்று முப்பத்தொன்றில் ப்ரிச்செட்டும் ஒருவர். மறுநாள் செனட்டில் அறுபத்தொன்பதுக்கு முப்பது. ஜனாதிபதியின் கையெழுத்து இல்லாமலே அது சட்டமாயிற்று.

அன்று மதியம் சூப்புக்காக வெண்டலோடு, ஸ்டாலர்ட் ஏறிய அதே லிஃப்டில் இறங்கும்போது, மார்னி பொத்தான்களைப் பார்த்தபடி, "போதும் சார்" என்றாள்.

"நான் இன்னும் சாப்பிடவே ஆரம்பிக்கலையே!" என்றார் வெண்டல்.

"உங்களைச் சொல்லலை" என்றாள்.