ஒன்றுமே செய்யாதவள்

அந்த அரசு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறவர் தேர்ச்சி பெற்ற பணியாளர். பிரசவம் பார்க்கிற மருத்துவச்சி வெறும் உதவியாள். இந்தச் சம்பளப் படிநிலையைப் போட்ட புண்ணியவான் தாய் வயிற்றிலிருந்து லிஃப்டில்தான் இறங்கி வந்திருப்பான்.

இதை எதிர்த்து மருத்துவச்சிகள் போட்ட முறையீடு வருஷக்கணக்கில் இழுபட்டு ஒருவழியாக விசாரணைக்கு வந்தது. அதற்குள் வார்டில் மிஞ்சியவர்கள் பெரியக்காவும் குட்டியும்தான். மற்றவர்கள் இந்தச் சம்பளத்துக்கு முதுகை ஒடிக்க முடியாதென்று தனியார் பக்கம் போய்விட்டார்கள். இதிலும் தோற்றால் தானும் போய்விடுவேன் என்று குட்டி ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. வாடகைக்கே திண்டாடுகிறவள் எத்தனை நாள் பொறுப்பாள்?

டாக்டர் இல்லாமல் சிக்கலான பிரசவத்தை மருத்துவச்சிகள் தாங்களே சமாளித்ததுண்டா என்பதைத்தான் விசாரணைக் குழு தெரிந்துகொள்ள விரும்பியது. சாட்சிக்கு ஒரு தாயைக் கூட்டிவரச் சொன்னார்கள். பெரியக்காவே ஆளைத் தேர்ந்தெடுத்தாள். அங்கேதான் பிசகினாள்.

அந்தப் பெண்ணின் முதல் பிரசவத்தில், தலை வந்த பிறகு குழந்தையின் தோள் சிக்கிக்கொண்டது. டாக்டர் வேறொரு ஆபரேஷனில் இருந்தார். குழந்தையின் முகம் நீலம் பாரித்தது. பெரியக்கா தாயின் முழங்கால்களை மார்புப் பக்கம் மடக்கி, குட்டியை அடிவயிற்றில் அழுத்தச் சொல்லி, கையை உள்ளே விட்டுத் தோளைத் திருப்பி எடுத்தாள். அவ்வளவு நேரமும் பக்கத்து வீட்டுக்காரி மாதிரிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். குழந்தை அழுததும் எல்லாத் தாய்மாரிடமும் சொல்வதைச் சொன்னாள்.

"நான் ஒண்ணுமே பண்ணலம்மா. எல்லாம் நீயேதான் பண்ணின."

அந்த வார்டில் காலங்காலமாகச் சொல்லிவரும் பேச்சு அது. பெற்றவள் தைரியமாக வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். பிறகு பெரியக்கா கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் வெளியே வராததைக் குட்டி மட்டும்தான் அறிவாள். தனக்கு மறக்காத பிரசவம் அந்தப் பெண்ணுக்கும் மறந்திருக்காது என்று பெரியக்கா நினைத்துவிட்டாள். மறப்பதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டுமே.

குட்டியை வார்டில் விட்டுவிட்டுப் பெரியக்கா விசாரணைக்குப் போனாள். சாட்சி நிறைவயிறோடு வந்திருந்தாள். இரண்டாவது. குழுத் தலைவர் கேட்டதும் முகமெல்லாம் சிரிப்பாகப் புகழத் தொடங்கினாள்.

"ரொம்ப ஈஸியா இருந்துச்சு சார். அக்கா பேசிட்டே இருந்தாங்க, குழந்தை வந்துடுச்சு. 'நான் ஒண்ணுமே பண்ணல'ன்னு அவங்களே சொன்னாங்க. அவ்ளோ தங்கமான மனசு."

தலைவர் பெரியக்கா பக்கம் திரும்பி, சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். சாட்சியைக் கொஞ்சம் வெளியே அனுப்ப முடியுமா என்றாள் அவள். சாட்சியின் பிரசவத்தைப் பற்றிச் சொல்வதைச் சாட்சி முன்னால்தான் சொல்ல வேண்டும், அதுதான் விதி என்றார்.

எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் குட்டி தங்குவாள். அந்தப் பெண்ணோ ஒரு கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருமுறை சிக்கிய தோள் மறுமுறையும் சிக்கலாம். உன் முதல் பிள்ளை சாகப் பார்த்தது என்று இப்போது சொன்னால் அவள் உடம்பெல்லாம் பயத்தோடுதான் வலியெடுத்து வருவாள். பயந்தவள் உடம்பு எப்படி இறுகும் என்று பெரியக்காவுக்குத் தெரியும்.

"இல்ல சார். சொல்றதுக்கு எதுவும் இல்ல."

உதவியாள் நிலையே தொடரும் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

வெளியே நடையில் அந்தப் பெண் பெரியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் நல்லா சொன்னேனாக்கா?"

"நல்லா சொன்னம்மா."

"இந்தத் தடவையும் நீங்களும் குட்டியக்காவும்தான் இருக்கணும். வேற யாரும் வேணாம்."

பெரியக்கா தலையை ஆட்டினாள். வார்டுக்குத் திரும்பியபோது குட்டி அவள் முகத்தைப் பார்த்தாள். இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்திலிருந்து அலமாரிச் சாவியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுத் தன் துணிகளை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினாள். பெரியக்கா அவள் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருத்தி கையை உள்ளே விட்டிருக்கும்போது வயிற்றை அழுத்த இன்னொருத்தி வேண்டும்.