அழுத்திப் பார்த்த கை

இந்த முகத்தை இனி யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று எலுவியா நினைத்துக்கொண்டாள். விசாவுக்குப் படம் எடுத்த அன்று கடைக்காரன் மூன்று முறை சொன்னான்: சிரிக்கக் கூடாது, பல் தெரியக் கூடாது, வாயை மூடு. அவள் புருஷன் பவுலினோவால் முடியவில்லை. கனடா என்று யாராவது சொன்னாலே அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும். இப்போது வாய் சரியாக மூடியிருந்தது.

சீப்பைத் தண்ணீரில் நனைத்து அவன் தலையை வாரினாள். உச்சியில் ஒரு கற்றை மட்டும் படியாமல் எழுந்து நின்றது. படக்கடையிலும் அப்படித்தான் நின்றது. எச்சில் தொட்டு அவள்தான் படிய வைத்தாள்.

துக்கத்துக்காகத் தரையில் பரப்பியிருந்த பைன் இலைகள் வாடிக்கொண்டிருந்தன. சவப்பெட்டிக்குள் காலருகே அவன் காப்பி குடிக்கும் கோப்பை, ஒரு மாற்று உடுப்பு, செருப்பு என்று வழிக்கு வேண்டியதெல்லாம் வைத்தாகிவிட்டது. பாஸ்போர்ட் மட்டும் மாமனாரின் சட்டைப்பையில் இருந்தது. விசா ஒட்டிய பாஸ்போர்ட் வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. திங்கட்கிழமை பவுலினோ செத்தான். விமானம் வியாழக்கிழமை.

மாமனார் லியாந்த்ரோ உள்ளே வந்தார். பின்னால் கொழுந்தன் சாந்தோஸும் அவன் மனைவி ஒட்டிலியாவும் வந்தார்கள். கடைசியாக வந்த ஒட்டிலியா கதவைச் சாத்தினாள்.

"உக்காரு எலுவியா. ஒண்ணு பேசணும்."

"நின்னுக்கிட்டே கேக்குறேன் மாமா."

அவர் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி. பதினோரு மாசந்தான் வித்தியாசம். செத்தது சாந்தோஸுன்னு எழுதிரலாம். பவுலினோ வியாழக்கெழம விமானம் ஏறட்டும்."

எந்தப் பவுலினோ என்று அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை.

"எட்டு மாசந்தான் அண்ணி," என்றான் சாந்தோஸ். அண்ணன் முகத்தைப் பார்க்காமல் பைன் இலைகளைப் பார்த்துப் பேசினான். "அங்க தோட்டத்துல முட்டைக்கோஸ் வெட்டிட்டு வந்துருவேன். அனுப்புறதுல பாதி உங்களுக்கும் மாய்ராவுக்கும்."

"பத்து வெரலையும் கண்ணாடி மேல வச்சு எடுத்தாங்க தம்பி. நானும் கூடத்தான் போயிருந்தேன்."

"மூஞ்சியத்தான் பாக்குறாங்களாம். அறுவது பேரு ஒண்ணா எறங்குவோம். வெரல யாரு பாக்குறா?"

"எம் புருஷன் எட்டு மாசம் செத்தே கெடக்கட்டும்," என்றாள் ஒட்டிலியா. "இருக்குறப்ப மட்டும் என்னத்தக் கிழிச்சாரு." சொல்லிவிட்டுச் சால்வை முனையால் மூக்கைத் துடைத்தாள். "எனக்குக் கறுப்புச் சால்வகூட இல்லக்கா. யாருகிட்டயாவது எரவல் வாங்கணும்."

"திரும்பி வந்தப்புறம்?" என்றாள் எலுவியா.

"அத அப்பப் பாத்துக்கலாம்," என்றார் மாமனார்.

"சிலுவையில யாரு பேரு எழுதுவீங்க?"

நவம்பர் முதல் தேதி ஊரே மஞ்சள் பூவோடு கல்லறைக்குப் போகும். ஆறு வயது மகள் மாய்ரா பூவைக் கொண்டுபோய்ச் சித்தப்பா பெயருக்குக் கீழே வைப்பாள். அப்பா எங்கே என்று யாராவது கேட்டால், கோஸ் வெட்டப் போயிருக்கிறார் என்று சொல்வாள். அவளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும்.

லியாந்த்ரோவின் குரல் தணிந்தது. "சோளக்காட்ட அடகு வச்சுத்தான் கனடா போறவங்க பட்டியல்ல அவன் பேரு ஏறிச்சு. யாரும் போகலன்னா காடு போச்சு. இந்த வீடும் அந்தக் காட்டுலதான் நிக்குது. நீ வாயத் தெறக்காம இருந்தாப் போதும்."

வாயைத் திறக்காமல் இருப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியும்.

மழை தொடங்கிய நாளிலிருந்து பவுலினோவுக்கு வயிற்றில் வலி. விசாவுக்கு முன் தலைநகரில் டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்ப்பார், முகம் சுளித்தால் பெயரை அடித்துவிடுவார் என்று முன்பு போய்வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். அதனால் பன்னிரண்டு நாள், தினமும் சாப்பிட்ட பிறகு பாயில் படுத்துச் சட்டையைத் தூக்கிக்கொண்டு, "அழுத்து," என்பான்.

அவள் விரல் நுனியால் அழுத்துவாள்.

"இப்பிடியா டாக்டர் அழுத்துவாரு? ஆம்பளக் கை மாதிரி அழுத்து."

முஷ்டியை மடக்கி அழுத்துவாள். அவன் நெற்றியில் வேர்வை துளிர்க்கும். முகம் மாறினால் மறுபடியும் முதலிலிருந்து. டாக்டர் குரலில் அவள் "வலிக்குதா?" என்று கேட்க வேண்டும். "இல்லீங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு, மூச்சு வாங்கச் சிரிப்பான். பன்னிரண்டாம் நாள் அவன் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. அதற்கு அவள் பயந்திருக்க வேண்டும். சந்தோஷப்பட்டாள்.

சுகாதார நிலைய நர்ஸ் இரண்டு முறை கேட்டாள், உன் புருஷன் ஏன் இப்படி இளைத்துப்போய்விட்டான் என்று. காட்டு வேலை என்றாள் எலுவியா. திங்கட்கிழமை களத்தில் மடங்கி விழுந்தவனை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அதற்கு முன், மரப்பலகைபோல் இறுகிக் கிடந்த வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் அவளிடம் சொன்னது ஒன்றுதான். "டாக்டருகிட்ட சொல்லிராத. வியாழக்கெழம வரைக்கும் சொல்லிராத."

ஊர்த் தலையாரி சிப்ரியானோ சாவைப் பதியும் காகிதத்தோடு வந்தார். பவுலினோவின் ஞானஸ்நானத்தில் பக்கத்தில் நின்றவர். பெட்டிக்குள் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். ரொம்ப நேரம் கழித்துத்தான் போட்டுக்கொண்டார்.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியாதுப்பா. நீங்க சொல்ற பேர எழுதுவேன்," என்றார். பெயரை ஏற்கனவே எழுதிக்கொண்டுதான் வந்திருந்தார்.

லியாந்த்ரோ கையெழுத்துப் போட்டார். ஒட்டிலியா பெருவிரலை வைத்தாள். வைத்துவிட்டு நீலமான விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இவளும் வைக்கட்டும்," என்றார் சிப்ரியானோ. "இவ வைக்காம நான் முத்திர போட மாட்டேன். நாளைக்கு இவ ஒரு வார்த்த சொன்னா ஜெயிலுக்குப் போறது நான்."

மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். "வைம்மா."

எலுவியா சவப்பெட்டிக்குள் பார்த்தாள். வெள்ளைச் சட்டையை அவள்தான் போட்டுவிட்டாள். வயிறு வீங்கியிருந்ததால் கடைசிப் பொத்தான் மட்டும் சேரவில்லை.

"அவருக்கு வலிச்சுது மாமா," என்றாள். "ரெண்டு மாசமா வலிச்சுது."

"அது எதுக்கு இப்ப?"

"நான் அப்பச் சொல்லல."

சமையலறையில் பெண்கள் சோள ரொட்டி தட்டும் சத்தம் நின்றுவிட்டது. கதவருகே நின்று கேட்கிறார்கள் போலிருந்தது. சாந்தோஸ் முதல்முறையாகத் தலையைத் தூக்கினான்.

"மை காயுது," என்றார் சிப்ரியானோ.

"வை எலுவியா," என்றார் லியாந்த்ரோ. அந்தக் குரலில் அதட்டல்கூட இல்லை. "உன்னக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

"இல்ல மாமா."

வலது கையைச் சால்வைக்குள் விட்டுக்கொண்டாள். இடது கையால் சீப்பை எடுத்துத் தண்ணீரில் நனைத்து, உச்சியில் எழுந்து நின்ற முடியை வாரத் தொடங்கினாள். இடது கையில் அது சரியாக வரவில்லை.